எரிக் கார்லின் காகித அலமாரி

குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள் செய்த அமெரிக்க ஓவியர் எரிக் கார்லின் வேலையறையில், கட்டட வரைபடங்கள் வைப்பார்களே அதுபோல, அகலமான, ஆழம் குறைந்த இழுப்பறைகள் கொண்ட அலமாரி இருந்தது. ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு நிறம். பச்சையை இழுத்தால் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மஞ்சள் ஓடிய பச்சை என்று வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய தாள்கள் அடுக்காக வரும். எல்லாமே அவர் கையால் வண்ணம் பூசியவை. ஒரு தவளை வேண்டுமென்றால் தாளைத் தேர்ந்தெடுப்பார், வெட்டுவார், அட்டையில் ஒட்டுவார். ஒரு படத்தின் பாதி வேலை அந்தப் படம் மனத்தில் தோன்றுவதற்கு முன்பே அலமாரியில் முடிந்திருக்கும்.

குழந்தைகளுக்குப் படப்புத்தகம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கதையில் தொடங்கி, கதையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். கார்லின் தொழில் வாழ்க்கையைப் பார்த்தால் தாள், மடிப்பு, ஓட்டை, அச்சகம் என்ற திசையிலிருந்தும் உள்ளே வரலாம் என்று தெரிகிறது. அவர் அடிப்படையில் ஒரு விளம்பர வடிவமைப்பாளர். கடைசிவரை அப்படித்தான் யோசித்தார் என்பது என் எண்ணம்.

பிறந்தது 1929 ஜூன் 25, நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். அம்மாவுக்கு ஊர் ஏக்கம் தாங்காமல் 1935இல் குடும்பம் ஸ்டுட்கார்ட்டுக்கே திரும்பியது. அந்த நேரத்தில் அந்த நாட்டுக்குப் போனதன் விலை பெரிது: அப்பா பட்டாளத்துக்குப் போனார், சோவியத் ராணுவத்திடம் கைதியாகி 1947 கடைசியில் திரும்பியபோது அவர் எடை 85 பவுண்டு, அதாவது 39 கிலோகூட இல்லை. கார்லையே 15 வயதில், ஜெர்மனியின் மேற்கு எல்லைக் காப்பு வரிசையான ஜிக்ஃப்ரீட் அரணில் குழி வெட்ட அனுப்பினார்கள். இந்த இருண்ட காலத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, போருக்கு முன் அப்பா காட்டுக்குள் கூட்டிப்போய், கல்லைப் புரட்டியும் மரப்பட்டையை விலக்கியும் பூச்சிகளைக் காட்டிவிட்டு, மறுபடி பத்திரமாக மூடிவைத்தது. இன்னொன்று, கிரவுஸ் என்ற ஓவிய ஆசிரியர், நாஜி அரசு தடைசெய்திருந்த நவீன ஓவியங்களின் அச்சுப்படிகளை ரகசியமாகக் காட்டியது. பிறகு ஸ்டுட்கார்ட் கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் ஷ்னைட்லரிடம் படித்தார். ஷ்னைட்லர் எழுத்துரு வடிவமைப்பில் பெயர்பெற்றவர். எழுத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள கணக்கு கார்லுக்குக் கைவந்தது அங்கேதான்.

1952இல் கையில் 40 டாலரும் ஒரு படைப்புக் கோப்புமாக நியூயார்க்கில் இறங்கினார். அப்போது ‘ஃபார்ச்சூன்’ இதழின் கலை இயக்குநராக இருந்த லியோ லியோனி கைகாட்டிவிட, ‘நியூயார்க் டைம்ஸ்’ விளம்பரப் பிரிவில் வேலை கிடைத்தது. நடுவில் அமெரிக்க ராணுவச் சேவை. பிறகு மருந்துக் கம்பெனிகளுக்கு விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கலை இயக்குநர். மருத்துவர் இதழைப் புரட்டுகிற இரண்டு விநாடிக்குள் கண்ணைப் பிடிக்க வேண்டும் என்பது அந்த வேலையின் ஒரே விதி. ஒரு பெரிய உருவம், சுற்றிலும் வெள்ளை, ஒன்றிரண்டு வரி. பின்னாளில் அவர் செய்த படப்புத்தகப் பக்கங்களின் இலக்கணமும் இதுவேதான்.

அப்படி ஒரு மருந்து விளம்பரத்துக்கு அவர் செய்த சிவப்பு சிங்கிறால் கொலாஜை, அதாவது தாள்களை வெட்டி ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தாளர் பில் மார்ட்டின் ஜூனியர் தன் ‘பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டு யூ சீ?’ கதைக்குப் படம் கேட்டார். புத்தகம் 1967இல் வந்தது. கார்லுக்கு வயது 38. மறு ஆண்டே எழுத்தும் படமும் தன்னுடையதாக ‘1, 2, 3 டு தி ஜூ’. எழுத்து என்று சொன்னால் தப்பு, அதில் கதை வாக்கியமே கிடையாது. ஒரு பெட்டியில் 1 யானை, அடுத்ததில் 2 நீர்யானை, 3 ஒட்டகச்சிவிங்கி என்று 10 பறவைகள் வரை ரயிலில் போகிற எண்ணுப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குட்டி ரயில், பெட்டி பெட்டியாக நீண்டுகொண்டே வரும். கடைசியில் விரிக்கிற தாள். இத்தாலியின் போலோன்யா புத்தகச் சந்தையில் படப்புத்தகங்களுக்கான முதல் பரிசு இதற்குக் கிடைத்தது. (வேறொருவர் எழுத, நீங்கள் படம் மட்டும் வரைந்தால் ராயல்டி பொதுவாக இருவருக்கும் பாதிப் பாதி. இரண்டையும் ஒருவரே செய்தால் முழுதும் ஒருவருக்கு. மாதச் சம்பளத்தை விட்டவருக்கு இது சின்ன விஷயமில்லை.)

அடுத்தது ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’. புழுப் புத்தகம் என்றே சொல்லிக்கொள்வோம்.

அலுவலகத்தில் ஃபைல் போட ஓட்டை போடுவோமே, அந்தப் பஞ்சிங் மெஷினால் ஒரு தாள் கட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவருக்கு, புத்தகத்தை அரிக்கும் புழு நினைவுக்கு வந்தது. வில்லி என்ற புழுவின் ஒரு வார வாழ்க்கை என்று மாதிரிப் பிரதி ஒன்றைச் செய்தார். பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸுக்கு ஓட்டை பிடித்தது, புழு பிடிக்கவில்லை. மண்புழு மாதிரி ஒரு ஜந்துவோடு குழந்தைக்கு ஒட்டுதல் வராது, வண்ணத்துப்பூச்சியின் புழுவாக வைத்தால் என்ன என்று கேட்டார். “வண்ணத்துப்பூச்சி!” என்றார் கார்ல். கதையின் முடிவு அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. ஓட்டை முதலில், உயிரினம் பிறகு, முடிவு கடைசியில் என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள்.

கணக்கு எளிது. திங்கள் 1 ஆப்பிள், செவ்வாய் 2 பேரிக்காய், புதன் 3 பிளம், வியாழன் 4 ஸ்ட்ராபெர்ரி, வெள்ளி 5 ஆரஞ்சு. சனிக்கிழமை கேக்கில் தொடங்கித் தர்ப்பூசணி வரை 10 பண்டம், வயிற்றுவலி. ஞாயிறு ஒரு பச்சை இலை. ஆங்கில மூலத்தில் மொத்தமே 224 சொல். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஐந்து தாள்களும் ஐந்து அகலம். ஆப்பிள் தாள் ஒல்லி, ஆரஞ்சுத் தாள் கிட்டத்தட்ட முழு அகலம். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது ஐந்து பழ வரிசையும் படிக்கட்டுபோல ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொரு பழத்திலும் ஓர் ஓட்டை.

இதை அச்சகத்தில் கொடுத்துப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கமாக இருப்பதன் காரணமே தாள்தான். பெரிய ஷீட்டின் ஒரு முகத்தில் 16, மறுமுகத்தில் 16 பக்கம் அச்சடித்து, மடித்து, தைத்து, மூன்று பக்கமும் ஒரே வெட்டாக வெட்டினால் புத்தகம் முடிந்தது. மடிக்கும் இயந்திரமும் வெட்டும் இயந்திரமும் எல்லாத் தாளும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் ஓடுபவை. புழுப் புத்தகத்தில் ஒல்லித் தாள்களைக் கட்டுவதற்கு முன்பே அதனதன் அகலத்துக்கு வெட்டியாக வேண்டும். அதன்பின் வரிசையாகச் சேர்ப்பது பெரும்பாலும் கை வேலை. ஓட்டைக்கு டை தேவை. சிவகாசியில் அட்டைப்பெட்டிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அடிக்கிறார்களே, மரப்பலகையில் எஃகுத் தகட்டை வளைத்துப் பதித்த அதே டை. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆரஞ்சில் தெரியாது, ஸ்ட்ராபெர்ரியில் பல்லிளிக்கும். தாளின் இரண்டு முகமும் அச்சாகியிருப்பதால், முன்பக்கத்துக்குச் சரியாக விழுந்த ஓட்டை பின்பக்கத்தில் பழத்தின் ஓரத்தில் போய் நிற்கலாம். தாள் மெலிதாக இருந்தால் குழந்தை விரல் விட்டதும் கிழியும். தடிமனாக்கினால் புத்தகம் உப்பி, முதுகு வாய்பிளக்கும்.

அமெரிக்காவில் இதைக் கட்டுபடியாகிற விலைக்குச் செய்து தர அச்சகம் அமையவில்லை. பெனடூஸ் ஜப்பானில் ஓர் அச்சகத்தைக் கண்டுபிடித்தார். 1969 ஜூனில் வேர்ல்ட் பப்ளிஷிங் வெளியிட்டது. இன்று 60க்கும் மேற்பட்ட மொழிகள், 5 கோடிக்கும் மேல் பிரதிகள். ஒரு பதிப்பாசிரியர் வாக்கியங்களைத் திருத்துவதோடு நிற்காமல் அச்சகத்தையும் தேடிப் போனதால் பிழைத்த புத்தகம் இது. அட்டையில் அந்தப் பெயருக்கு இடம் இல்லை என்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

இந்த மாதிரி புத்தகத்துக்கு டம்மி, அதாவது மாதிரிப் பிரதி செய்கிறவர்களுக்கு ஒரு சொல். எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்துச் செருகினால் 32 பக்கம் வரும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக, கதைக்குச் சுமார் 14 இரட்டைப்பக்கம் மிஞ்சும். ஓட்டையை முதல் நாளே போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஓட்டையும் நான்கு பக்கங்களின் விவகாரம்: ஓட்டை விழுகிற பக்கம், அதன் முதுகுப் பக்கம், முன்பக்கமிருந்து அந்த ஓட்டை வழியே எட்டிப்பார்க்கிற பக்கம், திருப்பியபின் எட்டிப்பார்க்கிற பக்கம். பலரும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டு, நாலாவதில் ஓர் எழுத்தின் கால் ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை அச்சுப்படியில்தான் காண்கிறார்கள். பென்சிலால் வட்டம் போட்டு, ஊசியால் அந்த நான்கு பக்கங்களும் அடங்கிய மூன்று தாளையும் சேர்த்துக் குத்திப் பார்த்தால் இந்தத் தலைவலி இல்லை. விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் ஓட்டை வைத்தால் கிழிவது நிச்சயம்.

இனி அலமாரிக்கு வருவோம். தொடக்கத்தில் கார்ல் கடையில் விற்கும் வண்ண டிஷ்யூ தாள்களைத்தான் பயன்படுத்தினார், அவற்றின்மேல் தானும் கொஞ்சம் வண்ணம் தீட்டி. அந்தச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிவிடும். பிறகு வெறும் வெள்ளை டிஷ்யூவை வாங்கி அக்ரிலிக் வண்ணத்தைத் தானே பூசும் முறைக்கு மாறினார். நம்மூர் வண்ணப் பட்டத்தாளை ஈரவிரலால் தொட்டால் விரல் சிவக்கும் இல்லையா, அதே சிக்கல்தான்: சாயம் நாரில் நிலைக்கவில்லை. பசை பட்டதும் பக்கத்து நிறத்துக்குள் ஓடும், ஜன்னலோரம் ஒரு கோடையில் வெளுக்கும்.

பூசும்போது தாளுக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு அவசியம். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். செய்தித்தாள்மேல் வைத்துப் பூசினால் செய்தித்தாளோடு ஒன்றாகிவிடும், பிரிக்கவே முடியாது. பாலித்தீனிலிருந்து உரித்து எடுக்கலாம். வண்ணத்தில் தண்ணீர் கலந்து, பால் பதத்துக்குக் கொண்டுவந்து, அகலத் தூரிகையால் ஒரே இழுப்பு. ஈரத்தின்மேல் இரண்டாவது முறை இழுத்தால் டிஷ்யூ திரிந்து உருளும். முழுக்கக் காய்ந்தபின் இரண்டாம் பூச்சு. இங்கேதான் கார்லின் கைவண்ணம்: தூரிகை, விரல், ஸ்பாஞ்சு, கம்பளத் துண்டு என்று எதையாவது தோய்த்து ஒற்றி, கோடும் புள்ளியும் வளையமுமாகப் பதிப்பார். முதல் பூச்சு காயும் முன் பதித்தால் எல்லா நிறமும் சேர்ந்து சேற்று நிறமாகும். போஸ்டர் கலர் வேலைக்கு ஆகாது, ஒட்டும்போது பசையின் ஈரம் அதைக் கரைத்துவிடும். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது, கூடவே டிஷ்யூவுக்கும் வலு சேர்க்கும்.

அடுக்கி வைப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்தால் அக்ரிலிக் பூசிய முகங்கள் பாரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்க்காரர்கள் தாளுக்குத் தாள் பட்டர் பேப்பர் வைக்காமல் அடுக்கவே கூடாது.

வெட்டுவதற்கு முதலில் டிரேசிங் பேப்பரில் முழுப் படத்தையும் வரைந்து கொள்ள வேண்டும். புழு என்றால் தலை ஒரு துண்டு, உடலின் ஒவ்வொரு வளையமும் ஒரு துண்டு. டிரேசிங்கை வண்ணத்தாள்மேல் வைத்து இரண்டையும் சேர்த்துக் கூர்க்கத்தியால் வெட்டினால் வடிவம் பிசகாது. மழுங்கிய கத்தி டிஷ்யூவை வெட்டாது, இழுக்கும். வெட்டிய ஓரத்தில் மயிர் மாதிரி நார் தெரிந்தால் பிளேடை மாற்றுங்கள், சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒட்டுவதற்குக் கார்ல் பயன்படுத்தியது சுவர்க்காகிதப் பசை. மெத்தில் செல்லுலோஸ் பொடியாகக் கிடைத்தால் 100 மில்லி தண்ணீருக்கு 2 முதல் 3 கிராம் தூவி, கிளறி, கட்டி கரையும்வரை அரை மணி விட்டுவிடலாம். மைதாப் பசையில் பூச்சி வரும், சில வருடத்தில் பழுக்கும். வெள்ளைப் பசையை அப்படியே தடவினால் டிஷ்யூ சுருங்கி, அங்கங்கே பளபளப்புத் திட்டு விழும், எடுத்துத் திருத்தவும் முடியாது. மெத்தில் செல்லுலோஸ் மெதுவாகக் காய்வதால், துண்டை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். பசையைக் கனமாக வைத்தால் அடியில் வரிவரியாகத் தேங்கும், நீர்த்துப்போனால் ஓரம் எழும். நடுவிலிருந்து வெளியே தள்ளிக் காற்றை எடுக்க வேண்டும். ஈரம் ஒரு முகத்தில் மட்டும் பட்டால் அட்டை வளையும், அதனால் முதுகிலும் ஒரு வெற்றுத் தாளை ஒட்டிச் சமன்செய்வது நல்லது.

டிஷ்யூ முழுதாக மறைக்காது, அடியிலிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு இது குறையாகத் தெரியும். கார்லுக்கு இதுதான் ஆயுதம். புழுவின் உடலில் ஒரு பச்சை வளையம் அடுத்த வளையத்தின்மேல் கொஞ்சம் ஏறும் இடத்தில், மூன்றாவதாக ஓர் அடர்பச்சை தானாகப் பிறக்கிறது. மடிப்பு மடிப்பாக ஊர்கிற உடல் அந்த மேற்பொருத்தத்தில் கிடைத்தது, நிழல் வரைந்து வந்ததில்லை. அடியில் வெள்ளை அட்டை இருப்பதால் ஒளி தாளைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. அதே தாளைப் பழுப்பு அட்டையில் ஒட்டிப் பாருங்கள், செத்துப்போகும். முடி, மீசை போன்ற மெல்லிய கோடுகள் மட்டும் கடைசியில் கிரேயானால் வரும். அச்சுக்கு ஸ்கேன் செய்யும்போது துணி, அட்டை கொலாஜில் விழுகிற ஓர நிழல் இதில் விழாது என்பது உபரி லாபம். ஆனால் அக்ரிலிக்கின் பளீர் ஆரஞ்சும் ஊதாவும் நான்கு வண்ண அச்சில் மங்கியே தீரும். அச்சுப்படியைப் பார்க்காமல் அந்த நிறங்களை நம்பிப் பக்கத்தைக் கட்டக்கூடாது.

ஓட்டைக்குப் பிறகும் அவர் புத்தகம் என்ற பொருளைச் சீண்டிக்கொண்டே இருந்தார். 1977இன் ‘தி க்ரௌச்சி லேடிபக்’கில், சண்டைக்கு ஆள் தேடும் பொறிவண்டு மணிக்கு ஒரு மிருகமாகச் சந்திக்கிறது. மிருகம் பெரிதாகப் பெரிதாகத் தாளும் அகலமாகும், எழுத்தும் பருக்கும், ஓரத்தில் கடிகாரமும் சூரியனும் நகரும். ஐந்து மணிக்குத் திமிங்கலம் வரும்போது அது ஒரு பக்கத்தில் அடங்காமல், கால்மணி கால்மணியாகப் பல பக்கம் நீள்கிறது. 1984இன் ‘தி வெரி பிஸி ஸ்பைடர்’ சிலந்திவலை, விரலால் தடவினால் தட்டுப்படும்படி புடைப்பாக அச்சானது. பார்வையற்ற குழந்தையும் வலை வளர்வதைத் தொட்டுப் பின்தொடரலாம். 1990இன் சில்வண்டுப் புத்தகத்தில் கடைசித் தாளைத் திறந்தால் சில்லென்று ஒலி வரும், 1995இன் மின்மினிப் புத்தகத்தில் விளக்கு மினுங்கும். கடைசி இரண்டும் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. பேட்டரி தீர்ந்த சில்வண்டு கதையின் உச்சத்தில் ஊமையாகிவிடுகிறது. நூலகப் பிரதிகளில் இது சீக்கிரமே நடக்கும். ஓட்டைக்குப் பேட்டரி தேவையில்லை.

புழுப் புத்தகத்தில் அறிவியல் பிழை ஒன்று உண்டு என்பது பழைய வழக்கு. வண்ணத்துப்பூச்சியின் புழு பொதுவாகப் பட்டு நூற்றுக் கூடு கட்டுவதில்லை, தோலை உரித்துவிட்டுக் கெட்டியான ஓட்டுக்குள் மாறுகிறது. பட்டுக்கூடு அந்துப்பூச்சிகளின் வேலை. கார்ல் ஆங்கிலத்தில் பட்டுக்கூட்டைக் குறிக்கும் ‘கக்கூன்’ என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறார், மாற்றவும் இல்லை. தமிழில் இரண்டு நிலைக்கும் ‘கூட்டுப்புழு’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தச் சண்டை நம் காதில் விழுவதே இல்லை. மொழிபெயர்க்கிறவருக்கு அதிர்ஷ்டம்.

விருதுகளில் ஒரு வேடிக்கை. அமெரிக்கப் படப்புத்தகத்தின் உச்சப் பரிசான கால்டெகாட் பதக்கம் இவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2003இல் வாழ்நாள் பங்களிப்புக்காக லாரா இங்கல்ஸ் வைல்டர் பதக்கம் கொடுத்தது. 2018இல் அந்தப் பதக்கத்தின் பெயரே மாறிவிட்டது. 70க்கும் மேற்பட்ட புத்தகங்கள் செய்துவிட்டு 2021 மே 23 அன்று, 91 வயதில், மாசச்சூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் காலமானார்.

பக்கத்து ஊரான ஆமர்ஸ்டில், 2002இல் திறந்த எரிக் கார்ல் படப்புத்தகக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடையவை மட்டுமில்லை, மற்ற ஓவியர்களின் மூலப்படங்களும் அங்கே சுழற்சியில் மாட்டப்படுகின்றன. காகிதத்தில் செய்த வேலைக்கு வெளிச்சம் எதிரி என்பதால், இப்படிப்பட்ட காட்சிக்கூடங்களில் விளக்கை மங்கலாகவே வைப்பார்கள். அதே கட்டடத்தில் வருகிறவர்கள் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பார்க்க ஒரு பட்டறையும் உண்டு.